தூண்டில் கேள்வி-பதில்: பிரெய்டு நரம்பை எதால் வெட்டுவது?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வந்தன. காசிமேட்டில் இருந்து எண்ணூர் வரை தூண்டில் போடுகிறவர்கள் ஒற்றை இழையான தங்கூஸை விட்டுவிட்டு, பல மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்புக்கு மாறிக்கொண்டு இருக்கிறார்கள், மாறின கையோடு எல்லோருக்கும் வருகிற தொல்லை வெட்டுவதுதான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அண்ணே, இத்தனை வருஷமும் தங்கூஸ் நரம்புதான் போட்டேன். இப்போது ரீலில் 20 பவுண்டு எடை தாங்குகிற பிரெய்டு ஏற்றியிருக்கிறேன். தூரம் நன்றாகப் போகிறது, மீன் தொட்டாலே கைக்குத் தெரிகிறது. ஆனால் நகவெட்டியில் வெட்டினால் பாதி இழை அறுந்து பாதி அப்படியே நிற்கிறது. நுனி துடைப்பம் மாதிரி விரிந்துகொண்டு முள்ளின் காதுக்குள் நுழைய மாட்டேன் என்கிறது. இதற்கென்றே தனிக் கத்தரி விற்கிறார்கள், விலையைப் பார்த்தால் யோசனையாக இருக்கிறது. வாங்கத்தான் வேண்டுமா? (எண்ணூர் வாசகர்)

பதில்: தனியாக ஒரு கத்தரி கட்டாயம் வேண்டும் தம்பி, ஆனால் அது விலை அதிகமான கத்தரியாக இருக்க வேண்டியதில்லை.

நகவெட்டி தங்கூஸுக்குச் சரியாக வேலை செய்ததற்குக் காரணம் இருக்கிறது. தங்கூஸ் ஒற்றைக் கம்பி, விறைப்பானது, வாய்க்குள் நழுவாமல் நிற்கும், இரண்டு பக்கமும் அழுத்தி நசுக்கினாலே துண்டாகிவிடும். பிரெய்டு அப்படி இல்லை. நாம் காய்கறி வாங்கி வருகிற பாலிதீன் கவரும் இதுவும் ஒரே பாலிஎத்திலீன் குடும்பம்தான் என்றாலும், இதில் மூலக்கூறுகள் மிக மிக நீளமானவை, எல்லாம் ஒரே திசையில் இழுத்து அடுக்கப்பட்டவை. 1970களின் கடைசியில் நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனத்தில் இந்த இழையை நூற்கும் முறையை உருவாக்கினார்கள். டைனீமா என்று ரீல் பெட்டியில் படிக்கிறோமே, அது அங்கிருந்து வந்த பெயர். அமெரிக்காவில் இதே வகை இழைக்கு ஸ்பெக்ட்ரா என்று பெயர். குண்டு துளைக்காத உடுப்பில் இது இருக்கிறது, கண்ணாடித் தொழிற்சாலையில் கை அறுபடாமல் இருக்கப் போடுகிற கையுறையிலும் இருக்கிறது. வெட்டுப்படக் கூடாது என்று கையுறைக்குள் வைத்த அதே இழையைத்தான் நீங்கள் நகவெட்டியால் வெட்டப் பார்க்கிறீர்கள்.

இன்னொரு விஷயம், அது வழுக்கும். நம் கையிலேயே நிற்காது, கத்தரி வாயில் எங்கே நிற்கும்? அதோடு ஒவ்வொரு இழையும் 12 முதல் 20 மைக்ரான் தடிமன்தான், அதாவது ஒரு தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. உங்கள் நகவெட்டியை மூடிப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பாருங்கள். இரண்டு வாய்க்கும் நடுவில் கீற்றுப் போல வெளிச்சம் தெரிந்தால் அதில் நுழைகிற இழைகள் எல்லாம் வெட்டுப்படாமல் மடங்கித் தப்பித்துவிடும், அப்படித் தப்பித்த இழைகள்தான் உங்களுக்கு விரிந்து நிற்கின்றன.

அப்போ நமக்கு வேண்டியது என்ன? வாய் இரண்டும் இடைவெளி இல்லாமல் ஒன்றோடு ஒன்று உரசிப் போக வேண்டும், நரம்பு வழுக்கி ஓடாமல் ஏதோ ஒன்று அதைப் பிடித்துவைக்க வேண்டும். பிரெய்டு கத்தரி என்று விற்கிற சாமானில் நீங்கள் காசு கொடுப்பது இந்த இரண்டுக்கும்தான். அதன் ஒரு வாயிலோ இரண்டிலுமோ கண்ணுக்குச் சட்டென்று தெரியாத பொடிப்பற்கள் இருக்கும், நகத்தால் தடவினால் சொரசொரவென்று தெரியும். அந்தப் பல்தான் நரம்பை நிறுத்திவைக்கிறது. பல் இல்லாத வழவழப்பான கத்தரி எவ்வளவு கூராக இருந்தாலும் தடியான நரம்பை நுனிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகும்.

நீங்கள் போட்டிருப்பது 20 பவுண்டு. என் யோசனை, முதலில் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் போங்கள். எம்.சி. ரோடு சுற்றுவட்டாரத்தில் தையல் சாமான் கடைகள் இருக்கின்றன. டெய்லர்கள் தைத்து முடித்ததும் பிசிறு நூல் எடுக்க விரல் நீளத்தில் ஸ்பிரிங் மாதிரி விரிந்து மூடுகிற குட்டி நூல் கட்டர் வைத்திருப்பார்கள் பாருங்கள், டிரிம்மர் என்றும் கேட்கலாம், அது போதும். விலையும் யோசிக்க வைக்காது. இரண்டு தகடும் ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டே மூடுவதால் மெல்லிய நரம்பைச் சுத்தமாக வெட்டும். உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும், அதுதான் குறை. 40, 50 பவுண்டுக்குப் போகிறபோது பல் வைத்த கத்தரி வாங்கிக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் கடைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் ரீலில் இருந்து ஒரு முழம் பிரெய்டு எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போங்கள். ஈரப்படுத்தி, லேசாக மட்டும் பிடித்துக்கொண்டு, வாயின் அடிப்பக்கம் ஒரு வெட்டு, நடுவில் ஒன்று, நுனியில் ஒன்று. மூன்று இடத்திலும் ஒரே நறுக்கில் போனால் நல்ல சாமான். அடியில் வெட்டி நுனியில் மென்றால் வாய் சரியாக ஒட்டவில்லை, திருப்பி வைத்துவிடுங்கள். கடைக்காரர் காகிதத்தை வெட்டிக் காட்டினால் நம்ப வேண்டாம், காகிதத்தை எந்தக் கத்தரியும் வெட்டும்.

வெட்டுகிற விதத்திலும் பாதி விஷயம் இருக்கிறது. தொளதொளவென்று தொங்குகிற பிரெய்டை எதுவும் சுத்தமாக வெட்டாது. இரண்டு பக்கமும் இழுத்து விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, திருகுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரே அழுத்து. கத்தரியின் பலம் எல்லாம் திருகுப் பக்கம்தான். முள்ளில் கோர்க்கப் போகிறீர்கள் என்றால் நுனியை ஈரப்படுத்திக்கொண்டு சாய்வாக வெட்டுங்கள், கூராக நிற்கும். அதையும் மீறி விரிந்தால் நுனியைக் கோர்க்கவே வேண்டாம், நரம்பை இரண்டாக மடித்து அந்த மடிப்பை நசுக்கிக் காதில் நுழையுங்கள். பாலோமர் முடிச்சு அப்படித்தான் ஆரம்பிக்கும், பிரெய்டுக்கு அது நன்றாக நிற்கிற முடிச்சும்கூட. முடிச்சு போட்டபின் தங்கூஸுக்கு வெட்டுவது போல ஒட்ட வெட்டிவிடாதீர்கள். பிரெய்டு இறுக இறுக வழுக்கி உள்ளே போகும், ஒரு 3 மில்லிமீட்டர் வால் விட்டுவையுங்கள்.

கேள்வி: நான் தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் வீட்டுக்காரர் தூண்டில் பையில் என் துணி வெட்டும் கத்தரியையும் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். கேட்டால் "நூல்தானே வெட்டுறேன்" என்கிறார். கத்தரி முன்போல ஓடவில்லை, பட்டுத் துணியில் இழுக்கிறது. இது என் மனப்பிரமையா, இல்லை நிஜமாகவே அந்த நரம்பால்தானா? (ஒரு வாசகி)

பதில்: மனப்பிரமை இல்லை சகோதரி. அவர் வெட்டுவது நீங்கள் நினைக்கிற நூலே இல்லை. பருத்தி நூலும் பாலியஸ்டர் நூலும் கத்தரிக்கு ஒரு சுமையே கிடையாது, இந்த இழை வாயின் கூரை மழுக்கும். அதைவிடப் பெரிய கெடுதல் நரம்போடு ஒட்டிக்கொண்டு வருகிற பொடி மணலும் உப்பும். மணல் இரண்டு வாய்க்கும் நடுவில் போய் ஒவ்வொரு வெட்டிலும் கீறல் போடும். உப்பு திருகுக்குள் இறங்கித் துரு வைக்கும். பட்டில் இழுப்பது அந்தக் கீறலால்தான். சாணை பிடித்தால் சரியாகிவிடும், துணிக் கத்தரிக்குப் பழகின ஆளிடம் கொடுங்கள்.

உங்கள் மேஜையில் இருக்கிற நூல் கட்டரில் பழசு ஒன்றை அவருக்கே கொடுத்துவிடுங்கள், எண்ணூர் தம்பிக்குச் சொன்னதும் அதைத்தான். கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றிவிட்டால் எது யாருடையது என்று சண்டை வராது. வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்: தொழில் செய்கிறவர்களின் கத்தரியைத் தொடக் கூடாது.

கேள்வி: விசைப்படகில் வேலை செய்கிறேன். நைலான் கயிறு வெட்டினால் நுனியை லைட்டரால் சுட்டு உருக்கிவிடுவோம், பிரியாது. பிரெய்டையும் அப்படியே லைட்டரில் வெட்டிக்கொண்டால் கத்தரியே தேவையில்லையே? (காசிமேடு வாசகர்)

பதில்: கயிற்றுக்கு நீங்கள் செய்வது சரியான வேலை. நரம்புக்கு அது ஆகாது. கயிற்றுக்குப் போடுகிற நைலான் உருக 220 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். பிரெய்டின் இழை 150 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். அதனால் தீ படுவதற்கு முன்பே, பக்கத்தில் வந்த சூட்டிலேயே சுருங்க ஆரம்பிக்கும். இந்த இழைக்குப் பலமே மூலக்கூறுகள் ஒரே திசையில் அடுக்கி இருப்பதுதான் என்று மேலே சொன்னேன். சூடு பட்டால் அந்த அடுக்கு கலைந்துவிடும், பார்க்க நரம்பு மாதிரியே இருக்கும், இழுத்தால் அந்த இடத்தில் போய்விடும். தடியான கயிற்றில் நுனி ஒரு விரற்கடை கெட்டால் யாருக்கும் தெரியாது, கால் மில்லிமீட்டர் நரம்பில் அது முழு நரம்பும் கெட்ட மாதிரி.

நுனியில் உருண்டு நிற்கிற கெட்டியான குமிழும் ஒரு தொல்லை. முள்ளின் காதில் நுழையாது, ராடு வளையத்தில் தட்டும்.

ஒரே ஒரு இடத்தில் லைட்டர் உதவும். எஃப்ஜி மாதிரி முடிச்சில் லீடரோடு (பிரெய்டுக்கும் முள்ளுக்கும் நடுவில் கட்டுகிற தனி நரம்பு) பிரெய்டைப் பின்னி இறுக்கி முடித்தபிறகு, கத்தரியால் வெட்டி விட்ட சின்ன வால் பிரியாமல் இருக்கத் தீயைப் பக்கத்தில் மட்டும் காட்டி ஒரு பொட்டு உருக்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைக்கூடக் கரையில், காற்று இல்லாத இடத்தில் செய்யுங்கள். படகில் கை ஆடும், தீ முடிச்சில் பட்டுவிடும். எரிபொருள் கேன் பக்கத்தில் லைட்டர் எடுக்கக் கூடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: மீன் வாயில் இருந்து முள் கழற்றுகிற பிளேயரிலேயே கட்டரும் சேர்ந்து வருகிறதே, ஒரே சாமானாகப் போயிற்று என்று வாங்கினேன். கொஞ்ச நாள் நன்றாக வெட்டியது, இப்போது நரம்பை மடித்துத்தான் விடுகிறது. (வியாசர்பாடி)

பதில்: அதில் கம்பி ஏதாவது வெட்டினீர்களா? ஸ்டீல் லீடரோ, முள்ளோ வெட்டியிருந்தால் வாயில் சின்னப் பள்ளம் விழுந்திருக்கும், அதற்கப்புறம் பிரெய்டு அந்தப் பள்ளத்துக்குள் படுத்துக்கொள்ளும். பிளேயரைத் திருப்பிப் பாருங்கள். கட்டர் தனித் துண்டாகத் திருகு போட்டு மாட்டியிருந்தால் பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடு, கழற்றி வேறு போடலாம், சிலசமயம் திருகு தளர்ந்திருக்கும், அதை இறுக்கினாலே சரியாகிவிடும். பிளேயர் உடம்போடு சேர்த்தே வார்த்த வாய் என்றால் அதைத் தங்கூஸுக்கும் லீடருக்கும் வைத்துக்கொண்டு, பிரெய்டுக்குக் கத்தரி எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரீஷியன் வைத்திருக்கிற கட்டிங் பிளேயர் ஒன்று பையில் இருப்பது நல்லது, அது நரம்புக்கு அல்ல, முள் கையில் ஏறிவிட்டால் முள்ளை வெட்டுவதற்கு.

கேள்வி: நானும் என் சிநேகிதர்களும் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களில் நின்றுதான் போடுவோம். கல்லிடுக்கில் ஈயக்கட்டி மாட்டிக்கொண்டால் பிரெய்டைக் கையில் சுற்றி இழுப்பேன். போன வாரம் சுண்டுவிரல் ஆழமாக அறுத்துக்கொண்டது. வெட்டிவிட்டால் அத்தனை நரம்பும் கடலோடு போகிறது, மனசு வரவில்லை. எதை வைத்து வெட்டினால் நஷ்டம் குறையும்? (திருவொற்றியூர், கல்லூரி மாணவர்)

பதில்: முதலில் விரல். ஆழமான அறுப்பு என்கிறீர்கள், கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்காராமல் இன்றைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து டாக்டரிடமோ காட்டுங்கள், விரலை மடக்க நீட்ட முடிகிறதா என்று பார்ப்பார்கள், டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேட்டுப் போடுவார்கள். பிரெய்டு அறுப்பு வெளியே கோடு மாதிரி தெரியும், உள்ளே விரலின் நரம்பு, தசைநார் வரை போயிருக்கலாம்.

இனிமேல் கையில் சுற்றவே சுற்றாதீர்கள் தம்பி. தங்கூஸ் கொஞ்சம் நீளும், இழுக்கும்போது தாங்கல் கொடுக்கும். பிரெய்டு ஏறக்குறைய நீளவே நீளாது, நீங்கள் கொடுக்கிற மொத்த இழுப்பும் அந்த நொடியே விரலில் இறங்கும். உங்கள் பிரெய்டு 30 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் அது கிட்டத்தட்ட 13.6 கிலோ, புது நரம்பு அதற்கு மேலும் தாங்கும். அத்தனை எடையைக் கால் மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கம்பி கட்டித் தொங்கவிட்டால் விரல் என்ன ஆகும்?

ஒரு சாண் நீளத்துக்கு பிவிசி பைப்போ விளக்குமாற்றுக் கட்டையோ வெட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்டால் ராடை வளைக்காமல் கீழே வைத்துவிட்டு, நரம்பை அந்தக் கட்டையில் ஏழெட்டுச் சுற்று சுற்றி, இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்து நேராக, மெதுவாக இழுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், ஈயம் விடுபட்டால் நேராக உங்களைப் பார்த்துத்தான் வரும். பின்னால் நடக்கிற வேலை கற்களில் வேண்டாம், பாசி வழுக்கும், உட்கார்ந்துகொண்டே இழுக்கலாம்.

எந்தக் கத்தரி வாங்கினாலும் தண்ணீருக்குள் இருக்கிற நரம்பை வெட்ட முடியாது இல்லையா, அதனால் நரம்பு எங்கே அறுபட வேண்டும் என்பதைக் கரையில் உட்கார்ந்து முடிச்சு போடும்போதே நீங்கள் முடிவு செய்ய வேண்டும். 30 பவுண்டு பிரெய்டுக்கு 20 பவுண்டு லீடர் கட்டுங்கள், ஈயத்தை அதைவிட மெல்லிய தங்கூஸில் தனியாகத் தொங்கவிடுங்கள். மாட்டியது ஈயம் என்றால் ஈயம் மட்டும் போகும், முள் மாட்டினால் லீடர் போகும். பிரெய்டு முழுசும் உங்கள் ரீலுக்குத் திரும்பி வந்துவிடும். அதற்கும் அசையவில்லை என்றால் முடிந்தவரை தண்ணீர் ஓரம் போய், நரம்பை விறைப்பாக இழுத்துப் பிடித்துக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். ஒரு காலும் பல்லால் கடிக்க வேண்டாம், பல் விளிம்புதான் உதிரும்.

கேள்வி: பல் வைத்த கத்தரிதான் வைத்திருக்கிறேன். திருகு துருவேறி இறுகிவிட்டது, கூரும் போய்விட்டது. தெருவில் சைக்கிளில் வருகிற சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாமா? (புது வண்ணாரப்பேட்டை)

பதில்: கொடுக்காதீர்கள். அவர் கல்லில் வைத்தால் பொடிப்பல் எல்லாம் தேய்ந்து வழவழப்பான கத்தரியாகத் திரும்பி வரும், கூர் இருக்கும், பிடிப்பு இருக்காது. பாதி நேரம் கூர் போகவே இல்லை, வாய் தளர்ந்திருக்கும் அல்லது பல்லிடுக்கில் நரம்பின் மேல்பூச்சும் உப்பும் அடைந்திருக்கும். வெந்நீரில் சோப்புப் போட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, திருகில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுப்பாகி மணலைப் பிடித்துக்கொள்ளும். காலையில் திருகு அசைந்தால் கால் சுற்று இறுக்கிவிட்டு வெட்டிப் பாருங்கள். அதற்கும் மடித்தால் புதுசு வாங்குகிற நேரம் வந்துவிட்டது. ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தாலும் நம் கடல் காற்றுக்கு அது தப்பாது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, வாயைத் திறந்துவைத்துக் காயவிடுங்கள்.

கேள்வி: வெட்டிப் போட்ட துண்டுகளை என்ன செய்வது? பழவேற்காட்டில் காலில் நரம்பு சுற்றின ஒரு கொக்கைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. (மீஞ்சூர் வாசகி)

பதில்: இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதற்கு நன்றி அம்மா. பாலிஎத்திலீன் மக்காது, கடல் தண்ணீரைவிட லேசு என்பதால் மூழ்கவும் மூழ்காது, மிதந்துகொண்டே போய் ஏதாவது ஒன்றின் காலிலோ கழுத்திலோ சுற்றும். ஜனவரியில் இருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு வருகிற காலம், அப்போது இன்னும் கவனம் வேண்டும். முடிச்சில் வெட்டுகிற வால் துண்டைக்கூடக் கீழே போடாமல் மூடி போட்ட ஒரு காலி பாட்டிலில் திணித்துக்கொண்டு வாருங்கள்.

ரீலில் இருந்து மொத்தமாக இறக்குகிற பழைய நரம்பைச் சுருளாகக் குப்பையில் போட வேண்டாம், குப்பை பொறுக்குகிறவர் கையிலும் மாட்டுக் காலிலும் அது சுற்றும். கெட்டி அட்டையில் இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு, புதுப் பிளேடு போட்ட பேப்பர் கட்டரால் அட்டையின் இரண்டு ஓரத்திலும், பிளேடு உங்கள் பக்கம் வராதபடி இழுத்து அறுத்தால் எல்லாம் விரல் நீளத் துண்டாகிவிடும். கத்தரியால் இத்தனையையும் ஒன்றாக வெட்ட முடியாது, ஆனால் விறைப்பாக நிற்கிற நரம்பில் புதுப் பிளேடு சுலபமாக இறங்கும். துண்டுகளைப் பாட்டிலில் அடைத்து மூடிக் குப்பையில் போடலாம்.